மேளத்துக்கு எத்தனை அடி தள்ளி?

கும்பகோணத்தில் ஏறி மயிலாடுதுறையில் இறங்க ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. திருநாகேசுவரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று வரிசையாக ஊர்கள். இருபுறமும் வயல். இந்தச் சின்னத் தூரத்துக்குள் நாகசுவரத்தைக் கடைந்தெடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன, அதற்குச் சீவாளி கட்டுகிற வீடுகள் இருக்கின்றன, அதை வாசித்தவர்களில் பெரும்புகழ் பெற்றவரின் ஊரும் இருக்கிறது. ஆனால் சங்கீத ரசிகர்களின் பயணம் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது. மார்கழியில் சென்னைக்குப் போய், நாளுக்கு மூன்று கச்சேரி கேட்டு, இந்த வருடம் புதிதாக யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்ற கணக்கோடு திரும்புகிறார்கள். கேட்பனுபவத்தில் புதிது என்றால் புதிய வித்துவான், புதிய ராகம், அபூர்வக் கிருதி என்றுதான் நமக்குப் பழகியிருக்கிறது. இந்தக் காவிரி டெல்டாவின் திருவிழாக்களைத் தொடர்ந்து போனால் இன்னொரு விதமான புதிது கிடைக்கிறது. எத்தனையோ முறை கேட்ட தோடியே அங்கே வேறாக இருக்கிறது. வாசிப்பவர் மேதை என்பதால் மட்டும் அல்ல. கேட்பவர் நிற்கும் இடம் மாறியதால். எங்கே நின்று கேட்கிறோம் என்பதும் இசையின் ஒரு பகுதி என்பதே என் வாதம். நாகசுவரத்தைப்போல அதற்கு நல்ல சாட்சி வேறு இல்லை.

நாகசுவரத்தைப் பற்றிப் பலரும் சொல்லும் முதல் புகார், சத்தம் அதிகம் என்பது. கல்யாண மண்டபத்தில் மேடைக்கு அருகில் நாற்காலி கிடைத்தவர்கள் அனைவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சத்தம் எதற்காக என்பதை நரசிங்கம்பேட்டையில் பார்க்கலாம். ஆச்சா மரத்தில்தான் இங்கே நாகசுவரம் செய்கிறார்கள். புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம் இவற்றைத் தேடி வாங்கி வருவார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்து ஈரம் முழுக்க வற்றிய கட்டைதான் பிறகு வெடிக்காது, நாதமும் கெடாது. கடைசலில் உருட்டி, நடுவே மேலே குறுகிக் கீழே அகலும்படி துளை போட்டு, கீழ்முனையில் அணசு என்ற விரிந்த வாய்ப்பகுதியைப் பொருத்துகிறார்கள். விரலுக்கு ஏழு துளை. அதற்குக் கீழே இருப்பவை சுருதி திருத்த. வேண்டிய அளவு மெழுகு வைத்து அடைத்துக்கொள்வது. 2022இல் இந்த ஊர் நாகசுவரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இதே ஊர் ரங்கநாதன் ஆசாரியும் பக்கத்துத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து வாத்தியத்தின் போக்கையே மாற்றியிருந்தார்கள். அதுவரை செல்வாக்கோடு இருந்த திமிரி என்ற நாகசுவர வகை குட்டையானது, சுருதி உயர்ந்தது, குரல் கூர்மையானது. இவர்கள் சேர்ந்து உருவாக்கிய பாரி நாகசுவரம் இரண்டரை அடிக்கு மேல் நீளம், சுருதி தாழ்வு, சுத்த மத்தியமம் தடுமாறாமல் பேசும். கோயில் வாசலில் நின்று ஊருக்கே அறிவிக்கும் குரலைவிட, ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் குரல் வேண்டும் என்று ஒரு வித்துவான் நினைத்ததன் விளைவு இது. ஆனாலும் வீதியை நிரப்பும் வலுவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கூடத்துக்கு ஏற்ற மென்மையான வாத்தியம் ஒன்றைச் செய்துகொள்ள அவருக்குத் தடை இருக்கவில்லை. அவர் கேட்டது தாழ்ந்த சுருதி. தாழ்ந்த சத்தம் அல்ல.

வாயில் வைத்து ஊதும் சீவாளி இன்னும் நுணுக்கமான விஷயம். ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையை வெட்டி, மாதக்கணக்கில் காயவைத்துப் பதப்படுத்தி, நறுக்கி, மடித்து, நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். விரல்நுனி அகலம்தான் இருக்கும். வாசிப்பவர் நாகசுவரத்திலிருந்து ஒரு கொத்துச் சீவாளியைத் தொங்கவிட்டிருப்பதும், நடுவில் ஒன்றைக் கழற்றி வாயில் ஈரப்படுத்தி, குச்சியால் வாயைச் சற்றுத் திறந்து, ஊதிப் பார்த்து, வேறொன்றை மாற்றுவதும் அலங்காரம் அல்ல. இரவுப் பனியில் ஒரு சீவாளி இறுகும், பகல் வெயிலில் இன்னொன்று விறைக்கும். நாகசுவரத்தில் சாவி கிடையாது. ஏழு துளைக்குள் அடங்காத சுருதி நுணுக்கங்கள் அனைத்தும் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் இந்தச் சிறு தட்டையின் வழியாகத்தான் வருகின்றன. வெளிக்காற்றோடு இவ்வளவு நெருக்கமாகப் பேரம் பேசும் வாத்தியத்தை, காற்றே மாறாத ஏ.சி. அரங்கில் மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது சரியாகப் படவில்லை.

இனிப் புறப்பாடு. சுவாமி எழுந்தருளும்போது முதலில் மல்லாரி. சாகித்தியம் கிடையாது, சொற்கட்டுக்கு ஏற்ற சுவரம் மட்டும், ராகம் கம்பீரநாட்டை. தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, தேர் மல்லாரி என்று நிகழ்வுக்கு ஒன்று உண்டு. காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள், தவில் அதனோடு மோதி விளையாடும். ஏன் கம்பீரநாட்டை? மரபு என்பது ஒரு பதில். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மல்லாரி தொடங்குவது கல் மண்டபத்துக்குள், பிராகாரத்தில். அங்கே ஒரு சுவரம் எழுந்தால் உடனே அடங்காது. தூண்களுக்கிடையே சுற்றிக்கொண்டே இருக்கும். நெருக்கமான சுவரங்கள் கொண்ட ராகத்தை வேகமாக வாசித்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும். கம்பீரநாட்டையில் ஐந்தே சுவரம். ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கும், பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும் நல்ல இடைவெளி. முந்தைய சுவரத்தின் எதிரொலி அடுத்ததைக் கெடுப்பதில்லை, தாங்கிப் பிடிக்கிறது. இதை நினைத்தே யாரோ உட்கார்ந்து ராகத்தைத் தேர்ந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பல தலைமுறை வாசித்து வாசித்து அந்த இடத்தில் நின்றது இது என்கிறேன். சிதம்பரத்திலோ திருவாரூரிலோ பிராகாரத்தில் மல்லாரியைக் கேட்டவருக்கு, அதே மல்லாரி சபா தொடக்கத்தில் கால் மணி நேர மங்கல இசையாக ஒலிக்கும்போது என்ன குறைகிறது என்பது காதிலேயே தெரிந்துவிடும். கல் குறைகிறது.

கோபுர வாசல் தாண்டியதும் சூழல் தலைகீழாக மாறுகிறது. மேலே வானம், பக்கத்தில் வீட்டுச் சுவர்கள், முன்னும் பின்னும் திறந்த வீதி. எதிரொலி போய்விட்டது, ஒலி தூரத்துக்குத் தக்கபடி தேய்கிறது. தூரம் இரட்டித்தால் வலு நாலில் ஒன்றாகும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். மேளக்காரர்களுக்கு அடுத்து நிற்பவருக்குத் தவிலின் தோலும் கழியும்தான் அதிகம் கேட்கும். ஐம்பதடி தள்ளி நடப்பவருக்கு வலந்தலையில் விரல்கூடுகள் விழும் பொடிச் சொற்கள் தனித்தனியாகப் பிரிகின்றன, நாகசுவரத்தின் கூர் தணிந்து கார்வையின் உடம்பு தெரிகிறது. தெருமுனைத் திருப்பத்துக்கு அப்பால் இருப்பவருக்கு ராகத்தின் வடிவம் மட்டும் வந்து சேரும். ஒரே வாசிப்பு, மூன்று இசை. எது வேண்டும் என்பதைக் கேட்பவர் நடந்து தீர்மானிக்கலாம். எந்த அரங்கிலும் இந்த உரிமை ரசிகருக்குக் கிடையாது. இன்னொன்று, ஊர்வலம் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. சீர்பாதம் தாங்குகிறவர்கள் தோள் மாற்ற வேண்டும், மண்டகப்படிக்காரர் அர்ச்சனைத் தட்டோடு வர வேண்டும், மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அளவெடுத்த கிருதி இந்த நிச்சயமின்மைக்கு ஈடுகொடுக்காது. ராக ஆலாபனை கொடுக்கும். நிற்கிற வரை விரியும், நகரச் சொன்னால் இரண்டு பிடியில் முடியும். நாகசுவர மரபு ராகத்தைத் தன் மூச்சாக எடுத்துக்கொண்டதற்குப் பக்தியும் கற்பனையும் காரணம் என்றால், வீதியின் இந்த நடைமுறைத் தேவையும் அதே அளவு காரணம். செம்பொன்னார்கோயில் பரம்பரையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரக்தி மேளம் என்ற விரிவான வாசிப்பு முறையும் இப்படி நேரத்தைத் தாராளமாகச் செலவிடும் உலகத்தில்தான் வளர முடிந்தது.

அரங்கம் இதற்கு நேரெதிராக அமைந்தது. மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. அதை ஒட்டிய ஆண்டுகளில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் செல்வாக்கால் கச்சேரிப் பத்ததி உறுதிப்பட்டது. இரண்டரை மூன்று மணிக்குள் வர்ணம் முதல் மங்களம் வரை பல உருப்படிகள். வாய்ப்பாட்டுக்கு அது பெரிய கொடை என்பதில் சந்தேகமில்லை. நாகசுவரத்துக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. மூடிய கூடத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் போனாலும் சத்தம் குறையாது, சுவர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் மேல் மைக்கும் வைத்தால் கடைசி வரிசைக்காரருக்கும் முதல் வரிசைக்காரருக்கும் ஒரே இரைச்சல். பிறகு, சத்தம் அதிகம் என்ற அதே காரணத்தைச் சொல்லித் தொடக்க நாளில் மங்கலத்துக்கு மட்டும் அழைப்பது. வீதியின் வலு கூடத்தின் குற்றமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூடங்களில் கொண்டாடப்பட்ட வாய்ப்பாட்டிலேயே நாகசுவரம் புகுந்திருந்தது. ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களிலும் ராக விரிவிலும் ராஜரத்தினம் பிள்ளையின் சாயல் உண்டு என்பது சங்கீத உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. குரலில் வந்தால் ரசித்தார்கள், குழலிலிருந்தே வந்தால் காதைப் பொத்தினார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ராஜரத்தினம் பிள்ளையை இன்று நமக்குத் தந்தது எந்த வீதி? 1956இல் மறைந்தவரின் தோடி இசைத்தட்டு வழியாகத்தான் நம்மை வந்தடைந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுவரம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலித்திராவிட்டால் டீக்கடை வானொலி வரை போயிருக்காது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைக் கேட்ட பிறகே நாகசுவரம் பிடித்தது என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். பதிவு இல்லையென்றால் ரசிகர் இல்லை. ஆகவே இடம் முக்கியம் என்பது வெறும் பழமை மோகம் என்று வாதிடலாம். முதல் பாதியை ஏற்கிறேன். பதிவுதான் வாசல். ஆனால் அந்த இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். இரவு முழுக்க விரிப்பார் என்று பெயர் பெற்றவர் அந்த அளவுக்குள் எதை வைத்தார் என்று கவனித்தால், பிடிகள் வந்து விழும் அவசரம் தெரியும். அது அற்புதமான சாரம். சாரத்தைக் கேட்டவர் தேடிப் போக வேண்டியது மூலத்தைத்தான். இதற்குப் பெரிய உதாரணம் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தின் கரவதி கிராமத்தில், நாகசுவரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளை பாணியில் மனம் பறிகொடுத்தவர், கேட்டதை வீட்டிலிருந்தே பின்பற்றிக்கொண்டிருக்கவில்லை. தஞ்சைப் பக்கம் வந்து நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார். 1998இல் சங்கீத கலாநிதி. வேறு மொழி, வேறு மதம். ஆனாலும் இந்தப் பாணியின் உள்ளே போக இந்த மண்ணுக்கு வர வேண்டியிருந்தது. கோயில் வீதி நாகசுவரம் பக்தர்களுக்கு மட்டும் உரியது, ரசிகருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் அவரே பதில்.

அடுத்த மறுப்பு இன்னும் கசப்பானது. நீங்கள் சொல்லும் வீதி இப்போது எங்கே இருக்கிறது? பல கோயில்களில் பூசை நேரத்துக்கு மின்சார மேளம் ஓடுகிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும். கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் கேரளத்திலிருந்து வருகிறது. புறப்பாட்டில் சினிமாப் பாட்டு நேயர் விருப்பம் உண்டு. பக்கத்திலேயே ஜெனரேட்டர் வண்டி உறுமும். போக்குவரத்தைச் சொல்லிப் போலீஸ்காரர் அவசரப்படுத்துவார். எல்லாம் உண்மை. டெல்டாவுக்குப் போய் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கோயிலில் நின்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் இது இடத்துக்கு எதிரான வாதம் அல்ல. தேர்ந்து போக வேண்டும் என்பதற்கான வாதம். சிதம்பரத்தின் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை, திருவிடைமருதூர்த் தைப்பூசம், கும்பகோணத்து மாசிமகம், திருவாரூர் ஆழித்தேர் என்று பெருவிழாக்களின் நாள்களில் நல்ல மேளங்கள் வருகின்றன. அதிலும் தேரன்று போவது இசை கேட்க உதவாது, கூட்டம்தான் கேட்கும். முந்தைய நாள்களின் வாகனப் புறப்பாட்டு இரவுகளே ரசிகருக்கு உரியவை. இன்னொரு சாட்சியும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழா மேளக் கச்சேரியை இருந்து கேட்டு, மறுநாள் அலசிப் பேசும் வழக்கம் நெடுங்காலமாக வலுவாக இருந்து வருகிறது. தஞ்சைப் பக்கத்து வித்துவான்கள் அழைப்பின் பேரில் அங்கே போய் வாசித்தார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற தவில் மேதை இங்கே வந்து நம் வித்துவான்களையே வியக்க வைத்தார். கேட்பவர்கள் நின்று கேட்கும் இடத்தில் கலை தானே நிற்கிறது. நம் பக்கத்தில் முதலில் குறைந்தது வாசிப்பவர்களா, மேளத்தின் பின்னே நடப்பவர்களா என்று கேட்டால், இரண்டாவது என்றே சொல்வேன்.

மூன்றாவது மறுப்பைச் சுலபமாகக் கடந்துபோக முடியாது. இந்த வீதியை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்களே, அதில் வாசித்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள்? சட்டை போடக் கூடாது, தோளில் துண்டு கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்ததற்கு எதிர்ப்பு எழுந்தபோது, எடுக்கக் கூடாது என்று அவருக்குத் துணை நின்றவர் சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரி. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்ததும், கோட்டு அணிந்ததும், மேடையில் மற்ற வித்துவான்களுக்குச் சமமான இடம் கேட்டதும் ஆடம்பரத்துக்காக மட்டும் அல்ல. அவர்கள் வீதியிலிருந்து மேடைக்கு ஏறப் போராடினார்கள். மறுபடியும் வீதிக்கு வாருங்கள் என்பது யாருடைய ஆசை? அதே வீதிகளில் நிற்கக்கூட எத்தனையோ சாதியினருக்கு உரிமை இல்லாத காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய வீதியின் விதிகள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீதியின் ஒலியியலுக்கும் வீதியின் சாதிக்கும் தவிர்க்க முடியாத உறவு எதுவும் கிடையாது. மண்டகப்படிக்கு முன்னால் நான்கு நாற்காலி போட்டு, வித்துவான்களை உட்காரவைத்து, முழுச் சம்பாவனையை முன்னதாகவே கொடுத்துவிட்டு வாசிக்கக் கேட்டால் தோடி கெட்டுவிடாது. மேடை ஏறியதால் மரியாதை முழுதாகக் கிடைத்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். நாகசுவரத்துக்கு வாசல், வாய்ப்பாட்டுக்குக் கூடம் என்ற பழைய பிரிவினை, மங்கல இசைக்குக் காலை நேரம், முக்கியக் கச்சேரிக்கு மாலை நேரம் என்று அட்டவணையில் தொடர்ந்தது. இடம் மாறியது, வரிசை மாறவில்லை.

அதனால் போகிறவர்கள் கொஞ்சம் தயாராகப் போவது நல்லது. கோயில் அலுவலகத்திலோ விழாப் பத்திரிகையிலோ அன்று இரவு யார் மேளம், சிறப்புத் தவில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். மல்லாரிக்குப் பிராகாரத்தில் இருக்க வேண்டும். கோபுர வாசலில் காத்திருப்பவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள். வீதிக்கு வந்ததும் சுவாமிக்கு முன்னால் முண்டியடிக்காமல், மேளத்திலிருந்து ஐம்பதடி விலகி நடக்கலாம். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் நெருங்கலாம். பாட்டு நடக்கும்போது கையில் பணத்தைத் திணித்துச் சினிமாப் பாட்டுக் கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அதே துணிச்சலோடு ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவரும் இருந்தால், பல சமயம் வாசிப்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் மூன்றாண்டு படித்து வெளிவரும் இளைஞர்கள் இந்த மேளங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கற்ற பூர்விகல்யாணியையும் சங்கராபரணத்தையும் கேட்பாரில்லாமல் கல்யாண மண்டபத்துக் கெட்டிமேளத்துக்கு நடுவே வைத்துக்கொண்டு திரிகிறார்கள். மண்டகப்படிக்காரர்கள் சுண்டலுக்கும் மாலைக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை ராகத்துக்கு விட்டுக்கொடுத்தால் போதும். அதைக் கேட்டு வாங்க வெளியூரிலிருந்து வந்த பத்து ரசிகர்கள் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அவர்களும் மறுக்க யோசிப்பார்கள்.